கழுவியும் போகாத கறுப்பு

எங்கட சனத்துக்கு நியூபவுண்ட்லாந்து என்றால் ஒரே ஒரு கதைதான் தெரியும். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் கடலில் மிதந்துகொண்டிருந்ததும், அந்தப் பக்கம் வந்த மீன்பிடிகாரர் ஒருவர் கண்டு காப்பாற்றியதும். கனடாவில் இருக்கிற தமிழர் வீடுகளில் ஒருமுறையாவது இந்தக் கதை அடிபட்டிருக்கும். அந்தப் படகில் வந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் தெரிந்தவரைத் தெரிந்திருக்கும்.

நான் எழுத வந்தது அதற்கு 44 வருடம் முன்னால், அதே தீவின் தென்கரையில் நடந்த இன்னொரு கதை. அதில் தமிழர் ஒருவரும் இல்லை. ஆனால் அதை வாசித்த பிறகுதான் இந்த 155 பேரின் கதை எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. ஆகவே முதலில் அது, பிறகு இது. கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வந்து இருங்கள்.

1942இல் நியூபவுண்ட்லாந்து கனடாவே இல்லை. கனடாவோடு சேர்ந்தது 1949இல்தான். அதற்கு முதல் அது கடனில் மூழ்கி, தன்னைத் தானே ஆளும் உரிமையையும் கையளித்துவிட்டு, 1934இலிருந்து லண்டன் நியமித்த ஆணைக்குழு ஒன்றின் ஆட்சியில் இருந்தது. (இலங்கையில் நாங்கள் 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றுவிட்டோம். அந்த நேரத்தில் இந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு வாக்குப்போட ஒரு பாராளுமன்றம் இல்லை. சரித்திரம் சிலவேளை இப்படியும் பகிடி விடும்.)

தீவின் தெற்கே பியூரின் என்ற தீபகற்பம். அதன் நுனிப்பக்கத்தில் சென் லோறன்ஸ் என்ற சின்ன ஊர். மீன்பிடிதான் தொழிலாக இருந்தது. 1929 நவம்பர் 18ஆம் திகதி கடலுக்கடியில் நிலம் அதிர்ந்து சுனாமி வந்தது. அந்தக் கரையோரத்தில் 28 பேர் இறந்தார்கள். வீடுகள், வள்ளங்கள், உப்புப்போட்டு வைத்த மீன், பனிக்காலத்துக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு எல்லாம் போயிற்று. எங்களுக்குச் சுனாமி என்ற சொல்லே 2004 டிசெம்பரில்தான் அறிமுகம். அந்தச் சனம் 75 வருடம் முன்னாலேயே அதைப் பார்த்துவிட்டது. அதன்பிறகு மீனும் சரியாகப் படவில்லை. 1933 அளவில் புளோஸ்பார் என்ற கனிமம் தோண்டும் சுரங்கம் திறந்தது. ஆம்பிளைகள் வலையை வைத்துவிட்டு நிலத்துக்குக் கீழே இறங்கினார்கள். தண்ணீர் விடாமல் காய்ந்த பாறையைத் துளைக்கும் வேலை. தூசு முழுக்க நெஞ்சுக்குள். அந்தத் தூசு என்ன செய்யும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1942 பெப்ரவரி 18 விடியப்புறம், நாலு மணியளவில். இரண்டாம் உலக யுத்தம். மூன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் நியூபவுண்ட்லாந்திலுள்ள ஆர்ஜென்ரியா தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பொலக்ஸ் என்ற சரக்குக் கப்பல், அதற்குக் காவலாக வில்க்ஸ், ட்றக்ஸ்ரன் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள். பனிப்புயல், கும்மிருட்டு. மூன்றும் வழிதவறிப் பாறையில் ஏறின. வில்க்ஸ் எப்படியோ கழன்று தப்பிக்கொண்டது. ட்றக்ஸ்ரன் சேம்பர்ஸ் கோவ் என்ற குடாவில், செங்குத்தான மலைக்குக் கீழே மாட்டி உடைந்தது. பொலக்ஸ் கொஞ்சம் தள்ளி, லோன் என்ற ஊருக்குப் பக்கத்தில். (வங்கி லோன் இல்லை, ஊரின் பெயரே அதுதான்.) கப்பல்களின் எரிபொருள் எண்ணெய் உடைந்து கடலெல்லாம் பரவியது. தார் மாதிரித் தடித்த எண்ணெய். அந்தக் குளிரில் குதித்தவர்களின் மூக்கு, வாய், கண் எல்லாவற்றையும் அது அடைத்தது. அன்று இறந்தவர்கள் 203 பேர். பிழைத்தவர்கள் 186 பேர்.

அந்த 186 பேரும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் விசயம். எட்வேர்ட் பேர்ஜெரன் என்ற 18 வயதுப் பையன் ஒருவன் எப்படியோ கரைக்கு வந்து, உறைந்த மலையில் ஏறி, பனிக்குள் நடந்து, அயன் ஸ்பிறிங்ஸ் என்ற சுரங்கத்தை அடைந்தான். கீழே கப்பல் உடைந்து கிடக்கிறது என்று சொன்னான். சுரங்கத்தில் வேலை நின்றது. தொழிலாளர்கள் கயிறுகளை எடுத்துக்கொண்டு மலை விளிம்புக்கு ஓடினார்கள். கயிற்றில் இறங்கினார்கள். இடுப்பளவு எண்ணெய்த் தண்ணீரில் நின்று ஆட்களை இழுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கட்டி மேலே ஏற்றினார்கள். பொலக்ஸ் உடைந்த பக்கத்துக்கு லோன் ஊரிலிருந்து எட்டு ஆம்பிளைகள் பனிக்குள் நடந்துபோய் அதே வேலையைச் செய்தார்கள்.

மேலே கொண்டுவந்தவர்களைப் பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். சுரங்கக் கட்டடத்தில் சுடுதண்ணி வைத்து, உடுப்பை வெட்டிக் கழற்றி, உடம்பெல்லாம் ஒட்டியிருந்த எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, போர்வையால் சுற்றி, தங்கள் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் ஒரு ஆஸ்பத்திரியும் இல்லை. அந்த வீடுகளில் மேலதிகமாக ஒரு போர்வையோ ஒரு றாத்தல் இறைச்சியோ கிடையாது. இருந்ததைத்தான் கொடுத்தார்கள்.

இப்போது லனீர் பிலிப்ஸ் வருகிறார்.

அவருக்கும் 18 வயதுதான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் லிதோனியா என்ற இடத்துக் கறுப்பினப் பையன். அடிமைகளின் வழி வந்த குடும்பம். சின்ன வயதில் அவர் படித்த பள்ளிக்கூடத்தை வெள்ளை வெறியர்களான கூ கிளக்ஸ் கிளான்காரர் எரித்தார்கள். வெள்ளைக்காரரை ஏறெடுத்துப் பார்க்கக்கூடாது, எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அது பிள்ளை வளர்ப்பு இல்லை, உயிர் காக்கும் வழி. 1941இல் கடற்படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கக் கடற்படையில் கறுப்பர் என்றால் ஒரே வேலைதான்: சாப்பாட்டுக்கூடம். வெள்ளை அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, கட்டில் விரிப்பது, சப்பாத்து மினுக்குவது. பயத்தையும் வெறுப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் கப்பலில் ஏறினேன் என்று பின்னாளில் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ட்றக்ஸ்ரன் உடையும்போது அதிலிருந்த கறுப்பின மாலுமிகள் சேர்ந்து நின்று யோசித்தார்களாம். கரை தெரிகிறது, ஆனால் எந்தக் கரை? ஐஸ்லாந்து என்று நினைத்தார்கள். ஐஸ்லாந்தில் கறுப்பு மாலுமிகள் கரையில் கால் வைக்க அனுமதி இல்லை. போனால் அங்கே என்ன நடக்குமோ! மற்றவர்கள் கப்பலிலேயே நின்றுவிட்டார்கள். பிலிப்ஸ் மட்டும் மிதவையில் ஏறினார். ட்றக்ஸ்ரனிலிருந்து பிழைத்த ஒரே கறுப்பினத்தவர் அவர்தான்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். கடல் ஒருபக்கம் கொல்லுகிறது. இறங்கினால் மனிசர் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் உடைகிற கப்பலிலேயே நிற்பதற்கு முடிவெடுக்கிறார்கள். அவர்களைக் கொன்றது கடல் மட்டுமில்லை. எங்களுக்கும் ஆமி நிற்கிற றோட்டா, முதலை இருக்கிற ஏரியா என்று யோசித்த காலம் இருந்தது. ஆகவே இதை முட்டாள்தனம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

பிலிப்ஸ் கரைக்கு வந்து விழுந்தார். அங்கேயே படுத்துவிட்டார். ஊரவர் ஒருவர் வந்து, இதில் கிடந்தால் செத்துப்போவாய் என்று சொல்லி, தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாக நடத்தினார். பிலிப்ஸைத் திகைக்க வைத்தது குளிர் இல்லை. ஒரு வெள்ளைக்காரன் தன்னைத் தொட்டுத் தாங்குகிறான், அன்பாகக் கதைக்கிறான் என்பதுதான்.

பிறகு மயக்கம். முழிப்பு வரும்போது ஒரு மேசையில் உடுப்பில்லாமல் கிடக்கிறார். சுற்றிவர வெள்ளைக்காரப் பெண்கள். ஒருவர் துணியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஜோர்ஜியாவில் இப்படி ஒரு காட்சியை யாராவது கண்டால் அந்தக் கறுப்பனை மரத்தில் தூக்கிவிடுவார்கள். சரி, இன்றோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

கழுவிக்கொண்டிருந்தவர் வயலெற் பைக் என்ற பெண். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி. அவருக்குப் பெரிய பிரச்சினை. எல்லாருக்கும் எண்ணெய் போகிறது, இந்தப் பையனுக்கு மட்டும் போகவில்லை! எண்ணெய் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இன்னும் தேய்க்கிறார். அந்த அம்மா வாழ்க்கையில் கறுப்பரைக் கண்டதில்லை. பிலிப்ஸ் கடைசியில் வாயைத் திறந்தார். இது எண்ணெய் இல்லை, என்னுடைய தோலின் நிறமே இதுதான் என்றார்.

சொல்லிவிட்டு, என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அவரைப் போர்வையில் சுற்றித் தன்னுடைய வீட்டுக்குக் கொண்டுபோனார் வயலெற் பைக். சூப் பருக்கினார். தன் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தார். அன்று இரவு பிலிப்ஸுக்குப் பயத்தில் நித்திரையே சரியாக வரவில்லையாம். அடுத்த நாள் அந்தக் குடும்பத்தோடு ஒரே மேசையில், அவர்களுடைய நல்ல பீங்கான் கோப்பையில் சாப்பாடு. பிறகு கடற்படைக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மொத்தம் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் இருக்கும்.

இதை நண்பர் ஒருவருக்குச் சொன்னபோது அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். “அந்த மனிசி கறுப்பரைக் கண்டதே இல்லையே. பேதம் தெரியாததால் காட்டவில்லை. இதிலென்ன பெருமை?” நியாயமான கேள்விதான். நானும் அதை யோசித்தேன். தெரியாமல் செய்ததை அன்பு என்று சொல்லலாமா?

ஆனால் கதையைக் கவனமாகப் பாருங்கள். அதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது, கழுவுகிறார். இரண்டாம் கட்டத்தில் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். இப்போது தெரியும். இனி அவர் கையை எடுக்கலாம். முகத்தைச் சுழிக்கலாம். வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நகரலாம். அவரையும் மற்ற மாலுமிகளோடு சேர்த்து அனுப்பிவிட்டுத் தன் பாட்டில் வீட்டுக்குப் போகலாம். பீங்கான் கோப்பையை எடுக்காமல் பழைய தகரக் கோப்பையை எடுக்கலாம். ஒன்றுமே செய்யவில்லை. என்னைக் கேட்டால் முதல் கட்டத்தில் நடந்தது இரக்கம். மூழ்குகிறவனை இழுப்பது அநேகமாக எல்லா மனிதருக்கும் கையில் தானாக வருகிற வேலை. அன்பு என்பது இரண்டாம் கட்டத்தில், ஆள் யார் என்று தெரிந்த பிறகும் கை அதே மாதிரி இருக்கிறதா என்பதில்தான் தெரியவருகிறது.

கோப்பை என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ தெரியாது. எனக்குச் சிரட்டைதான் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வேலைக்கு வருகிற மனிசருக்குச் சிரட்டையிலும், தனியாக வைத்த பேணியிலும் தண்ணி கொடுத்தோமே. அவர்களுடைய பெயர் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும், எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஓடிவருவார்கள். ஆனால் கோப்பை மட்டும் வேறு. தேநீர்க் கடைக்குள் இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் அந்தச் சனம் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைப்பற்றிப் புலம்பெயர் விழாக்களில் ஒருவரும் கதைப்பதில்லை. 1942இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரே நாளில் கொடுத்ததை, ஒரு தலைமுறையாகத் தெரிந்த ஆட்களுக்கு நாங்கள் கொடுக்கவில்லை. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிலிப்ஸுக்குப் பிறகு என்ன நடந்தது? அமெரிக்கா அப்படியேதான் இருந்தது. அதே கடற்படை, அதே சாப்பாட்டுக்கூடம். படைகளில் நிறப் பிரிவினையை நீக்கும் உத்தரவை ஜனாதிபதி ட்றூமன் போட்டது 1948இல்தான். ஆனால் பிலிப்ஸ் மாறிவிட்டார். வெள்ளைக்காரர் எல்லாரும் பிறப்பிலேயே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அப்படி இல்லாத ஒரு ஊர் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இது பெரிய விசயம். ஜோர்ஜியாவில் நடப்பது இயற்கை இல்லை, யாரோ செய்துவைத்த ஏற்பாடு என்றால் அதை மாற்றவும் முடியும். சமையல்கட்டு வேலை எனக்கு வேண்டாம், தொழில்நுட்பம் படிக்கவேண்டும் என்று விடாமல் கேட்டார். 1957இல் அமெரிக்கக் கடற்படையின் முதலாவது கறுப்பின சோனார் தொழில்நுட்பவியலாளர் ஆனார். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஆழ்கடல் ஆய்வு வேலைகள் செய்தார். 1965இல் அலபாமாவில் செல்மாவிலிருந்து மொன்ற்கொமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய ஊர்வலத்தில் நடந்தார். தன் வெறுப்பைக் கழுவியது அந்த ஊர்ச் சனம்தான் என்று பள்ளிக்கூடங்களிலும் கூட்டங்களிலும் சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிந்தார். சென் லோறன்சுக்குத் திரும்பவும் போனார். 2008இல் நியூபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. 2012 மார்ச் மாதம் 88 வயதில் காலமானார்.

அந்த மெமோரியல் பல்கலைக்கழகத்தில்தான், 1986இல், எங்கட 155 பேரையும் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். இப்போது அந்தக் கதைக்கு வருவோம்.

1986 ஓகஸ்ட் 11. சென் சொட்ஸ் என்ற ஊருக்கு அப்பால், சில மைல் தூரக் கடல். பியூரினுக்கு எதிர்ப்பக்கத்துத் தீபகற்பம் அது, இடையில் பிளசென்ஷியா குடா. அட்மிரல்ஸ் பீச் என்ற ஊரைச் சேர்ந்த கஸ் டால்ரன் என்பவர் ‘அட்லான்டிக் றீப்பர்’ என்ற தன்னுடைய படகில் தொழிலுக்குப் போயிருந்தார். பனிப்புகாருக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் தெரிந்தன. கிட்டப் போனால் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். இரண்டு படகில் 155 பேர் என்றால் நீங்களே கணக்குப் பாருங்கள், ஒரு படகில் 75 பேருக்கு மேல். நாட்கணக்காகக் கடலில். டால்ரன் இருந்த சாப்பாட்டையும் தண்ணியையும் கொடுத்தார், ஏற்றக்கூடியவர்களை ஏற்றினார், வானொலியில் அறிவித்தார். மற்றப் படகுகளும் வந்தன. பிறகு அரசாங்கக் கப்பல் வந்து எல்லாரையும் சென் ஜோன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோனது. நீங்கள் யார், எந்த நாடு, பாஸ்போட் எங்கே என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு.

இதுதான் முதல் கட்டம். எல்லாருக்கும் தெரிந்த கட்டம்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டபோது இந்தியாவிலிருந்து என்று சொன்னார்கள். நாலைந்து நாளில் உண்மை வெளியே வந்தது. அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து, அவுறிகே என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். கனடா முழுக்க ஒரே சத்தம். பாதுகாப்பான நாட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள், பொய்யர்கள், காசுக்கு வந்தவர்கள், வரிசையில் நிற்காமல் பாய்ந்தவர்கள் என்றெல்லாம் வானொலியில் கதைத்தார்கள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள்.

பொய் சொன்னது சொன்னதுதான். அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பொய் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தவன் என்ற முறையில் நாலு வரி சொல்லவேண்டும். நானும் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்தவன். ஊர் 83க்குப் பிறகு எரிந்துகொண்டிருந்தது. ஜேர்மனியில் எங்களுக்கு உயிர்ப்பயம் இல்லை, உண்மை. ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை, பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. ஒரு அறையில் ஆறுபேர், நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. ஊரில் அம்மா நகையை அடகுவைத்த காசு வட்டி போட்டுக்கொண்டிருக்கும். எப்ப திருப்பி அனுப்புவான் என்றும் தெரியாது. அந்த விடுதியில் “கப்பல் ஒன்று போகுதாம்” என்ற கதை காதில் விழும். ஆயிரக்கணக்கில் மார்க் கேட்டார்கள். என்னிடம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நானும் அதில் ஏறியிருப்பேன், ஜேர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இந்தியா என்றும் சொல்லியிருப்பேன்.

சரி, இரண்டாம் கட்டம். உண்மை தெரிந்த பிறகு யார் யார் என்ன செய்தார்கள்?

பிரதமர் பிரையன் மல்றோனியின் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வேலை செய்யக்கூடிய ஒரு வருட அனுமதி கொடுத்தது. அநேகமானவர்கள் சில நாட்களிலேயே மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். அதே வருடம்தான் அகதிகளுக்குச் செய்த உதவிக்காக ஐ.நா.வின் நான்சன் விருது ஒரு தனிமனிதருக்கு இல்லாமல் ‘கனடிய மக்களுக்கு’ என்று கொடுக்கப்பட்டது. ஆனால் அடுத்த வருடம், 1987 ஜூலையில், நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், கப்பலால் இறங்கியபோது நிலைமை மாறிவிட்டது. கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தைத் திருப்பிக் கூட்டிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் கரைக்கு வருவதற்கு முன்னமே அவர்களைப் பற்றிய கதைகள் கரைக்கு வந்துவிட்டன. மாதக்கணக்காகத் தடுப்புக்காவல், பெண்கள் பிள்ளைகள் உட்பட. அவர்களுக்கு முதல் கட்டமே கிடைக்கவில்லை. நேராக இரண்டாம் கட்டம்.

கஸ் டால்ரன்? அவரிடமும் பத்திரிகைக்காரர் போனார்கள். ஏமாற்றப்பட்டுவிட்டீர்களே என்ற தொனியில்தான் கேள்விகள் இருந்திருக்கும், சொல்லவேண்டுமா. அவர் மாறவில்லை. கடலில் கிடந்தவர்களை எடுத்தேன், திரும்பக் கண்டாலும் எடுப்பேன் என்ற மாதிரியே வருடக்கணக்காகப் பேசிவந்தார். அவர்கள் ஏறிய துறைமுகம் எது என்பது அவரைப் பொறுத்தவரை அந்த விசயத்தில் சேர்த்தியே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயலெற் பைக் திரும்ப வருகிறார். இது எண்ணெய் இல்லை, தோல் என்று பையன் சொன்ன பிறகும் அவர் சூப் காய்ச்சினாரே, அதுவும் இதுவும் ஒன்று. அகதியாக வந்த எங்களுக்கு இது விளங்கும். எங்களை முதல்நாள் வரவேற்ற ஆட்கள் நிறையப்பேர். குளிர் ஜக்கெற் தந்தவர்கள், தேவாலயத்தில் தேத்தண்ணி தந்தவர்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்து, நாங்களும் ஒரு வீடு வாங்கி, கோபப்பட்டு, பிழைவிட்டு, அரசியல் கதைத்து, ஊர்வலம் போய், ஒரு ‘பாவப்பட்ட அகதி’ என்ற படத்துக்குள் அடங்காமல் நிற்கும்போதும் அதே மாதிரிக் கதவைத் திறந்தவர்கள் எத்தனைபேர்? விரல்விட்டு எண்ணலாம். எனக்கு மூன்றுபேர். ஒருவரின் பெயரைத்தான் என் மகளுக்கு நடுப்பெயராக வைத்திருக்கிறேன்.

நியூபவுண்ட்லாந்துக்காரரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. அங்கேயும் நல்லவன் கெட்டவன் எல்லாம் இருப்பான். ஆனால் கடல் எப்போது யாரை எடுக்கும் என்று தெரியாத ஊர்களில், கரைக்கு வந்தவனை முதலில் எடு என்ற பழக்கம் தலைமுறையாக ஊறியிருக்கிறது. எங்கட மயிலிட்டி, வல்வெட்டித்துறை ஆட்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 2001 செப்ரெம்பர் 11இல் திசைதிருப்பப்பட்ட 38 பயணிகள் விமானங்கள் கேண்டர் என்ற சின்ன நகரத்தில் இறங்கியபோது நடந்ததும் அதுதான். அது பிறகு பெரிய இசை நாடகமாகி உலகம் முழுக்க ஓடியதால் நீங்கள் அறிந்திருப்பீர்கள், நான் நீட்டவில்லை. அதிகம் பேசப்படாதது 1992. அந்த வருடம் கொட் மீன் பிடிக்க அரசாங்கம் தடை போட்டது. ஒரேயடியாக ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. ஊர் ஊராக வீடுகளைப் பூட்டிவிட்டு அல்பேர்ட்டாவுக்கும் ஒன்ராறியோவுக்கும் பிழைக்க வெளிக்கிட்டார்கள். எங்களைக் கரையேற்றிய சனமே, ஆறு வருடத்தில், தங்கட ஊரை விட்டு வெளியேறியது.

சென் லோறன்ஸின் தூசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். 1942இல் கயிற்றைப் பிடித்து மாலுமிகளை இழுத்த சுரங்கத் தொழிலாளர்களில் பலர், பின்னாளில் நுரையீரல் நோயால் இறந்தார்கள். சிலிக்கோசிஸ், புற்றுநோய். சுரங்கத்துக்குள் ஊறிய தண்ணீரோடு வந்த றேடன் என்ற கதிரியக்க வாயுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். 1969இல் அரச விசாரணைக்குழுவின் அறிக்கை வந்தது. அதற்குள் வீட்டுக்கு வீடு விதவைகள். அமெரிக்க அரசாங்கம் நன்றிக்கடனாக 1954இல் அந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தது. மாலுமிகளைக் காப்பாற்றிய கைம்மாறாக வந்த அந்த ஆஸ்பத்திரிக்குத்தான், காப்பாற்றிய அதே ஆம்பிளைகள் மூச்சு இழுக்க முடியாமல் போனார்கள்.

2016இல், முப்பது வருடம் நிறைவான நேரம், படகில் வந்தவர்களில் சிலர் நியூபவுண்ட்லாந்துக்குப் போய்க் கஸ் டால்ரனைக் கண்டு வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தேன். போனவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் நல்லாக வயதுபோன மனிதர். மேடைப்பேச்சு, மாலை, நினைவுக்கேடயம் எல்லாம் இருந்ததுதான், எங்கட ஆட்கள் அது இல்லாமல் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ யார் வந்தாலும் நயாகராவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். நானும் பதினேழு தரம் போய்விட்டேன், தண்ணி அப்படியேதான் விழுகிறது. ஒரு கோடையில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சென் ஜோன்சுக்கு விமானம் எடுங்கள். அங்கேயிருந்து கார். சென் சொட்ஸ் கிட்ட, இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. சென் லோறன்ஸ் தூரம், ஒரு முழுநாள் வேண்டும். சேம்பர்ஸ் கோவ் வரைக்கும் நடந்து போகப் பாதை இருக்கிறது. மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் அந்தக் கயிறு எவ்வளவு நீளமாக இருந்திருக்கவேண்டும் என்று விளங்கும். ஓகஸ்ட்டிலும் குளிரும், ஜக்கெற் கொண்டுபோங்கள்.